ஐசியூ வாசலில் கேட்கப்படும் கேள்விகள்: சிகிச்சையை நிறுத்தும் முடிவில் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன வேலை?

அப்பா ஐசியூவில் கிடந்த பத்தொன்பது நாளும் நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். கடைசியில் டாக்டர் கூப்பிட்டு, "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்றார். "அப்படியானால் வென்டிலேட்டரை எடுத்துவிடலாமா, இங்கேயே அமைதியாகப் போகட்டும்" என்று அக்கா கேட்டாள். "அது சட்டப் பிரச்சினை. வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள்." எழுதிக் கொடுத்தோம். ஆம்புலன்சில் வழி நெடுக ஒரு பையன் அப்பாவுக்கு மூச்சுக் கொடுக்கும் பலூனைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் அப்பாவைக் கிடத்தியதும், "எடுத்துடவாண்ணே?" என்று என்னிடம் கேட்டான். நான்தான் தலையாட்டினேன்.

அது 2019. அதற்குப் பிறகு வலி தணிப்புச் சிகிச்சைத் தொண்டர்களோடு சேர்ந்து நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பதில்கள் இவை.

வென்டிலேட்டரை எடுப்பது கருணைக் கொலைதானே?

இல்லை. இந்த ஒரு சொல் செய்திருக்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர் ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு, பலன் தராத சிகிச்சையை நிறுத்துவது வேறு. இரண்டையும் பத்திரிகைகள் "கருணைக் கொலை" என்றே தலைப்புப் போடுகின்றன. முதலாவது இந்தியாவில் குற்றம். நோயாளியே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் குற்றம்தான். இரண்டாவதில் உயிரை எடுப்பது நோய். நாம் செய்வது, அந்த நோய்க்கும் உடம்புக்கும் நடுவில் செருகியிருந்த இயந்திரத்தை விலக்குவது மட்டுமே. உரிய நடைமுறைப்படி இதைச் செய்யலாம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு.

பெற்ற தாய்க்கு இனி சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு நிற்கிற மகளின் காதுபட "கொலை" என்ற சொல்லை யாரும் சொல்ல வேண்டாம். உறவினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

எங்கள் அப்பா, எங்கள் முடிவு. இதில் அரசு எதற்கு?

கோபம் நியாயமானது. எனக்கும் இருந்தது. ஆனால் நம் ஊரிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தென் மாவட்டங்களில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். காய்ச்சல் வரும், சளி கட்டும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் இந்த வழக்கம் வெளியே தெரிந்தபோது நாடே அதைப் பேசியது. எல்லாம் சொந்தப் பிள்ளைகள் செய்தது. வறுமையினால் செய்தவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் செய்தவர்கள் உண்டு, சொத்தைப் பிரிக்க அவசரப்பட்டவர்களும் உண்டு. அந்த முதியவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே குடும்பம் என்றாலே நல்லதைத்தான் நினைக்கும் என்று சட்டம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். இவருக்கு நிஜமாகவே மீள வழியில்லையா, இது இவருடைய விருப்பம்தானா, யாருக்காவது இவர் சாவதில் ஆதாயம் இருக்கிறதா என்று அந்தக் கண் பார்க்க வேண்டும். அதை நான் மனதார ஏற்கிறேன். பார்ப்பதோடு நிற்காமல், முடிவையே தன் கையில் எடுத்துக்கொள்கிறபோதுதான் அரசு தப்புச் செய்கிறது.

இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2006இலும் 2012இலும் அறிக்கை கொடுத்தது. 2016இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை. இன்றைக்கு நம் கையில் இருப்பவை உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகள். நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும்வரை அவையே சட்டம்.

இதெல்லாம் ஒரு நர்ஸிடமிருந்து தொடங்கியது. அருணா ஷான்பாக், மும்பை கேஇஎம் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியன் ஒருவன் நாய் கட்டும் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிப் பாலியல் வன்முறை செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தவர், அதன்பின் ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டுப் பத்திரிகையாளர் பிங்கி விரானி 2009இல் உச்ச நீதிமன்றம் போனார். கேஇஎம் நர்ஸுகள் எதிர்த்தார்கள். அவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக அருணாவுக்குச் சோறு ஊட்டியவர்கள், புரட்டிப் படுக்க வைத்தவர்கள். அத்தனை ஆண்டில் அவருக்குப் படுக்கைப்புண் வர விடவில்லை அவர்கள். 2011 மார்ச் 7இல் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த ஊழியர்களுக்கே உண்டு என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், வேறு நோயாளிகளுக்கு உயர் நீதிமன்ற அனுமதி பெற்றுச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று ஒரு கதவையும் திறந்தது. அருணா 2015 மே 18இல் நிமோனியாவில் இறந்தார்.

அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு விரானி பக்கமும் நிற்கத் தோன்றியது, நர்ஸுகள் பக்கமும் நிற்கத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான்.

2018இலேயே உரிமை வந்துவிட்டதே, 2019இல் உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்த டாக்டருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நடந்திருக்காது. 2018 தீர்ப்பு உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை அடைய வைத்த வழி அப்படி. முதலில் மருத்துவமனையில் ஒரு மருத்துவ வாரியம். அடுத்து மாவட்ட கலெக்டர் இரண்டாவது வாரியம் அமைக்க வேண்டும். வாரியத்தில் இருக்கும் டாக்டர்களுக்கு இருபது ஆண்டு அனுபவம் வேண்டும். பிறகு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நேரில் வந்து நோயாளியைப் பார்த்து அனுமதி தர வேண்டும். ஜமாபந்திக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நடுவே கலெக்டர் இதற்கு எப்போது வாரியம் அமைப்பது? முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றால், அதிலும் நடுவரின் கையெழுத்து வேண்டும். நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தீவிர சிகிச்சை டாக்டர்களின் சங்கமே உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது.

2023 ஜனவரி 24இல் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அந்த முடிச்சுகளைத் தளர்த்தியது.

இப்போது என்ன நடைமுறை?

சிகிச்சை தரும் டாக்டரும், அந்தத் துறையில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்தது முதல் வாரியம். நோயாளி மீள வாய்ப்பில்லை, சிகிச்சை அவர் சாவை நீட்டிக்க மட்டுமே செய்கிறது என்று அவர்கள் கருதினால், மருத்துவமனையே இரண்டாவது வாரியத்தை அமைக்கும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் வாரியத்தில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு வாரியமும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கலெக்டருக்கு இதில் வேலை இல்லை. நடுவருக்கு மருத்துவமனை தகவல் தெரிவித்தால் போதும், அவர் வந்து பார்க்க வேண்டியதில்லை.

நோயாளி முன்பே எழுதிவைத்திருந்தால் அந்த எழுத்துப்படியும், எழுதாமல் நினைவிழந்துவிட்டால் நெருங்கிய உறவினரின் எழுத்துமூலச் சம்மதத்தின்படியும் இதே வழியில் போகலாம். வாரியங்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

நல்ல நடைமுறைதான். ஆனால் நான் போகிற பல ஊர்களில் டாக்டர்களுக்கே இது தெரியவில்லை. தெரிந்தவர்களும் "யார் கையெழுத்துப் போடுவது" என்று தயங்குகிறார்கள். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்த நடைமுறையைப் பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024இல் வரைவு நெறிமுறைகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எழுத்தில் இருப்பது ஐசியூவுக்குள் வந்து சேர இப்படிப்பட்ட உத்தரவுகள் தேவை.

லிவிங் வில் எழுதுவது எப்படி?

சிகிச்சை பற்றிய நம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் லிவிங் வில். சொத்துக்கு எழுதும் உயிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உயில் நாம் போன பிறகு பேசும். இது நாம் உயிரோடு இருந்தும் பேச முடியாதபோது நமக்காகப் பேசும்.

பதினெட்டு வயது நிரம்பி, தெளிவான மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று புரியும்படி எழுதுங்கள். "என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. "மீள வாய்ப்பில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தால் வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள்" என்று எழுதினால் பயன்படும். உங்களுக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் எழுதுங்கள். ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று வாங்க வேண்டும். சாட்சிகள் வெளியாட்களாக இருப்பது நல்லது.

பிரதியை நீங்கள் பெயர் குறிப்பிட்டவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதியைப் பாதுகாக்க உரிய அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையென்றால் எழுத்தில் மனுக் கொடுத்துக் கேளுங்கள். கேட்டால்தான் வரும்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் முன்கூட்டி எழுதிவைக்கும் ஏற்பாடு உண்டு. அது மனநலச் சிகிச்சைக்கு மட்டுமானது.

இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லலாமா?

சொல்லலாம். பலன் தராது என்று தெரிந்த நிலையில் அதைத் தவிர்ப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டாக்டரிடம் பேசி, அதை நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது இரவு டியூட்டி டாக்டருக்குத் தெரியாது.

மூளைச்சாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. மூளைச்சாவு என்றால் அவர் இறந்துவிட்டார். உறுப்புக் கொடைச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து அறிவிக்கும். அருணாவுக்கு இருந்தது மூளைச்சாவு இல்லை. அவர் தானாக மூச்சு விட்டார், கண் திறந்திருந்தார். இந்த வேறுபாட்டை டாக்டரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

மூக்கில் போட்ட ட்யூப் வழியே சாப்பாடு போகிறது. அதையும் நிறுத்தலாமா?

இதுதான் எல்லாக் கேள்வியிலும் கனமானது. நமக்குச் சோறு என்பது சிகிச்சை இல்லை, அன்பு. "பட்டினி போட்டுட்டீங்களே" என்ற ஒரு வார்த்தை வாழ்நாள் முழுக்கக் குத்தும்.

காஜியாபாத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், 2013இல் மாடியிலிருந்து விழுந்து நினைவிழந்தவர், ட்யூப் உணவில்தான் இருந்தார். அவருடைய வயதான பெற்றோர் சிகிச்சையை நிறுத்த அனுமதி கேட்டபோது, அவர் எந்த இயந்திரத்தையும் நம்பி உயிரோடில்லை என்று சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் மறுத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், அவரைப் பராமரிக்க அரசின் உதவிக்கு ஏற்பாடு செய்தது. பெற்றோர் மீண்டும் போனார்கள். 2025 இறுதியில் உச்ச நீதிமன்றம், 2023 நடைமுறைப்படி இரண்டு வாரியங்களும் அவரைப் பரிசோதிக்கட்டும் என்று உத்தரவிட்டது. இயந்திரம் இல்லை என்பதற்காகவே கேள்வியை மூடிவிட முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது. இப்படிப்பட்ட நிலையில் வீட்டில் நீங்களாக ட்யூப்பை எடுத்துவிடாதீர்கள். டாக்டரும் வாரியமும் வேண்டும்.

சில மணி நேரமோ ஓரிரு நாளோ மட்டுமே இருக்கிற நோயாளியின் உடம்பு தானாகவே உணவை ஒதுக்கத் தொடங்கும். அப்போது வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். வாயை நனைத்துவிட்டால் போதும். பாலூற்றுவது என்று நம் வீடுகளில் செய்வதும் சில சொட்டுதானே.

அரசு தலையிட்டே தீருவேன் என்று இறங்கினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ஃபுளோரிடாவின் டெர்ரி ஷைவோ 1990இல், 26 வயதில், இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். ட்யூப் உணவில் எட்டு ஆண்டுகள் போன பிறகு, அவள் இப்படி வாழ விரும்பியிருக்க மாட்டாள் என்று கணவர் நீதிமன்றம் போனார். மகளுக்கு உணர்வு இருக்கிறது என்றார்கள் பெற்றோர். விசாரித்த நீதிபதி கணவர் சொன்னதை ஏற்றார். 2003இல் ட்யூப் எடுக்கப்பட்டது. ஆறே நாளில் ஃபுளோரிடா சட்டமன்றம் இந்த ஒரு நோயாளிக்காகவே சட்டம் இயற்ற, ஆளுநர் ஜெப் புஷ் உத்தரவில் ட்யூப் மறுபடி போடப்பட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை 2004இல் ரத்து செய்தது. 2005 மார்ச்சில் மீண்டும் ட்யூப் எடுக்கப்பட்டதும், அமெரிக்க நாடாளுமன்றமே ஞாயிற்றுக்கிழமை கூடி, பெற்றோர் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இரவோடிரவாக ஒரு சட்டம் செய்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் விடுமுறையை விட்டு டெக்சாசிலிருந்து வாஷிங்டனுக்குப் பறந்து வந்து நள்ளிரவுக்குப் பின் கையெழுத்திட்டார். கூட்டாட்சி நீதிமன்றங்கள் அசையவில்லை. மார்ச் 31இல் டெர்ரி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவர் மூளையின் எடை 615 கிராம், இருக்க வேண்டியதில் பாதி அளவு.

டெர்ரி ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் அத்தனை பேரும் அந்தப் படுக்கையைச் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் துயரத்தின் மேல் ஏறி நின்றவர்கள்மேல்தான் கோபம்.

எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவது தப்பா?

தப்பில்லை. நாங்களும் அதைத்தான் செய்தோம். "எங்கள் முடிவின் பேரில் அழைத்துச் செல்கிறோம்" என்ற அந்தத் தாளில், டாக்டர்கள் எடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது. அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தத் தாளோடு வலி மருந்து எதுவும் கூட வருவதில்லை. மூச்சுத் திணறுகிற மனிதரை எந்த மருந்தும் இல்லாமல் வீட்டில் வைத்துப் பார்ப்பது கொடுமை. கூட்டிப் போவது என்று முடிவானால், கிளம்பும் முன்பே வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் என்ன மருந்து, எவ்வளவு, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வாங்குங்கள்.

மார்ஃபின் கேட்டால் இல்லை என்கிறார்களே?

மார்ஃபின் கடும் வலியைத் தணிக்கும் மருந்து. அது கிடைக்காததிலும் அரசின் கை இருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், கள்ளக் கடத்தலைத் தடுக்க எழுதிய விதிகள் புற்றுநோயாளியின் மாத்திரையையும் சேர்த்துத் தடுத்துவிட்டன. பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் எளிதாக வாங்கி வைக்க வழி செய்தார்கள். இருந்தும் பயம் போகவில்லை. வலியில் இருப்பவருக்கு டாக்டர் அளவோடு கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி தணிப்புப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எங்களிடம் பணம் தீர்ந்துவிட்டது. அதற்காக நிறுத்தலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். குனிய வேண்டியது அவர்கள் இல்லை. வாரியம் பார்ப்பது நோயாளி மீள முடியுமா என்பதை. உங்கள் வீட்டில் விற்க இன்னும் நகை இருக்கிறதா என்பது அதன் கேள்வி இல்லை. மீள முடியும் என்று டாக்டர் சொன்னால், காப்பீட்டு அட்டை இருக்கிறதா பார்த்து அரசு மருத்துவமனைக்கு மாற்றக் கேளுங்கள். மீள முடியாது என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியே சொன்னால், இருக்கிற கடைசி நகையையும் வென்டிலேட்டர் வாடகைக்கு வைப்பதால் அன்பு கூடிவிடாது. கையெழுத்து, வாரியம், நடுவர் என்று கடைசி நாளில் வந்து நிற்கிற அரசு, அதற்கு முந்தைய முப்பது நாளில் நர்ஸாகவும் மாத்திரையாகவும் படுக்கையாகவும் வந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது? அபசகுனமாக நினைக்க மாட்டாரா?

நானும் ஓராண்டு தள்ளிப்போட்டேன். ஒரு நாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "உனக்கு அப்படி ஒண்ணு வந்தா நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றேன். கையை நிறுத்தவில்லை அவள். "அந்த மனுசன் வாயில குழாயோட, ஒரு சொல்லு பேசாமப் போனாரு. எனக்கு அது வேணாம். வலி தெரியாம ஏதாச்சும் குடுக்கச் சொல்லு. உள் ரூம்ல போடாத, திண்ணைப் பக்கம் கட்டில் போடு, தெருவைப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். என்னைவிட அதிகமாக அவள் இதை யோசித்திருந்தாள்.

அந்த வாரமே எழுதினோம். பக்கத்து வீட்டு ஆசிரியரும் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரும் சாட்சி. அக்கா பெயரும் என் பெயரும் இருக்கிறது. நோட்டரி படித்துக் காட்டியபோது, கட்டில் திண்ணையில் என்பதையும் சேர்க்கச் சொன்னாள் அம்மா. சேர்த்தோம். ரேஷன் கார்டு வைக்கிற தகர டப்பாவில் ஒரு பிரதி இருக்கிறது.